அப்பம் போதாத கூடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பம் மூப்பர் வரைக்கும் வரவில்லை.

மரத்தட்டு சுற்றி முடித்து மூப்பர் பவுல்சாமியின் கைக்குத் திரும்பியபோது அதில் விரித்திருந்த துணி மட்டும்தான் இருந்தது. துணி ஈரமாக இருந்தது. அவர் கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார். பிறகு கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த நோராவைப் பார்த்தார். வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபத்தை முடித்தார்.

அப்பம் செய்வது நோராவின் பொறுப்பு. வாரம் ஒரே அப்பம், எல்லோருக்கும் சேர்த்து. புளிக்காத மாவைத் தடிமனாகத் தட்டி, இரும்புச் சட்டியில் வைத்து, மூடிமேல் தணல் போட்டு வேகவைப்பாள். சபையார் இரண்டு வரிசையாக எதிரெதிரே பாயில் உட்காருவார்கள். தட்டு மூப்பரிடமிருந்து கிளம்பி ஒரு வரிசை முழுக்கப் போய், கோடியில் இருக்கும் நோராவின் கையிலிருந்து எதிர்வரிசைக் கோடியில் இருக்கும் வெரோனிகாவின் கைக்குத் தாண்டி, அந்த வரிசை வழியாகத் திரும்பி வரும். தட்டு கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை யாரும் கண்ணைத் திறக்கக்கூடாது, பேசக்கூடாது. பக்கத்தில் இருப்பவரின் கை தானாகத் தெரியும். அவரவர் ஒரு துண்டு பிட்டுக்கொண்டு அடுத்தவரிடம் தருவார்கள். இத்தனை வருஷத்தில் அப்பம் மிஞ்சியிருக்கிறதே தவிர குறைந்ததில்லை.

கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது வெரோனிகா பக்கத்தில் வந்தாள். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். குரலைத் தாழ்த்தத் தெரியாது.

"இன்னா நோரா, ரேஷன் மாவுல வீட்டுக்காரருக்கும் ரொட்டி தட்டிட்டியா?"

"எப்பவும் செய்யற அளவுதான்."

"அளவு இருக்கட்டும். தட்டை ஏன் அவ்ளோ நேரம் வச்சுக்கினு இருந்தே? நான் கையை நீட்டிக்கினே கீறேன், நீ தரவே இல்ல. தூங்கிட்டியோன்னு நெனச்சேன்."

நோரா பாயின் முனையை மடித்தாள். தட்டு தன் கைக்கு வந்ததும் ஒரு துண்டு பிட்டுக்கொண்டு உடனே எதிரே நீட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு கை அதை உடனே வாங்கிக்கொண்டதும் நினைவிருந்தது.

சபையார் ஆழ்வார்பேட்டைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்குமுன் சைதாப்பேட்டையில் ஆற்றங்கரை ஓரமாக ஒரு கூரைக் கொட்டகை. பாதிரியார் கிடையாது, பீடம் கிடையாது, மாதா சுரூபம் கிடையாது. மற்ற கிறிஸ்தவர்கள் அவர்களை 'ஆத்தங்கரைக் கூட்டம்' என்றார்கள். விசுவாசத்துக்கு வந்தவர்களை அடையாற்றில் இறக்கி முழுக்கு கொடுத்து, அதன்பிறகுதான் அப்பத்தில் பங்கு தருவார்கள். முழுக்கு பெறாதவர்களும் குழந்தைகளும் வரிசைகளுக்கு அப்பால், சுவரோரம், பின்பாயில் உட்காரவேண்டும்.

நோராவின் மகள் ஐரின் அந்தப் பின்பாயில்தான் உட்கார்ந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது சாந்தோம் கோயிலில் அவளுக்கு ஞானஸ்நானம் ஆகியிருந்தது. ஆனால் நோரா இந்தச் சபைக்கு வந்த வருஷம், நெற்றியில் ஊற்றிய அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீர்தான் என்று எல்லார் முன்பும் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருந்தாள். ஐரின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்பது ஒரே கேள்வி.

"எனக்கு எப்பம்மா தருவீங்க?"

"இன்னும் கொஞ்சம் வளரணும் கண்ணு. மூப்பர் கூப்பிடுவார்."

அக்டோபர் மாதம் ஆறு பொங்கியது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த பட்டணம் கீழே தண்ணீரைப் பார்க்கவில்லை. கொட்டகையிலிருந்து பாய்களையும் விளக்கையும் எடுத்துவரச் சபையார் போனபோது ஐரினும் கூடப் போனாள். கரை இடிந்தது. கரையை ஒட்டியிருந்த குடிசைகளும் அதோடு போயின. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள், எங்கிருந்தோ பஞ்சத்துக்குப் பிழைக்க வந்தவர்கள், பெயர் எந்த ரேஷன் கடையிலும் இல்லாதவர்கள் அங்கே இருந்தார்கள். எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. ஐரின் கிடைக்கவில்லை.

கொட்டகை போனதால் புது இடம் தேடினார்கள். ஆழ்வார்பேட்டையில் சுப்பராமன் என்பவரின் வீடு காலியாகக் கிடந்தது. குண்டுக்குப் பயந்து குடும்பத்தைக் கும்பகோணத்துக்கு அனுப்பியவர், அவர்களைத் திரும்ப அழைக்கவில்லை. பவுல்சாமியோடு நோராவும் பேசப் போயிருந்தாள்.

"எங்காத்துக் கூடம் நீளமானது. என் தங்கை கச்சேரிக்குன்னு கட்டினது" என்றார் சுப்பராமன். "சுவத்துல ஆணி அடிக்கப்படாது. சிலுவை கிலுவை மாட்டுவேளா?"

"சிலுவை இல்லீங்க" என்றார் பவுல்சாமி.

"மணி அடிப்பேளோ?"

"மணியும் இல்ல."

"சாம்பிராணி, மெழுகுவத்தி?"

"ஒண்ணும் இல்லீங்க. உக்காந்து, கண்ணை மூடிக்கினு, பேசாம இருப்போம்."

சுப்பராமன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "பேசாம இருக்கறதுக்கா வாடகை தரேள்?"

வெள்ளத்துக்குப் பிறகு நோரா சிரித்தது அன்று ஒருமுறைதான்.

இடம் மாறும்போது சபையில் ஒரு வழக்கம் உண்டு. மேய்ப்பனுக்கு ஒவ்வொரு ஆட்டின் பெயரும் தெரியும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். மூப்பர் முதலில் உள்ளே போய் வாசல்நடைக்கு உட்புறம் நிற்பார். மற்ற எல்லோரும் தெருவில். அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் "இதோ" என்பார். அப்போதுதான் "உள்ளே வா" என்ற சொல் வரும். பெயரில்லாமல் யாரையும் உள்ளே அழைப்பதில்லை, பதில் வராமல் யாரும் நுழைவதில்லை. பவுல்சாமி வேலையிலிருந்த காலத்தில் கோர்ட்டு டவாலி. வாதி பிரதிவாதி பெயர்களைக் கூவிக் கூவிப் பழகிய குரல்.

இடம் மாறுவதற்கு முதல்நாள் மாலை நோரா அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"பிரதர், நாளைக்கு ஐரின் பேரையும் ஒரு தடவை கூப்பிடணும்."

அவர் தரையைப் பார்த்தார். "கூப்ட்டா இதோன்னு சொல்றதுக்கு ஆள் வேணும், சிஸ்டர்."

"சொல்லாட்டி போகட்டும். பேர் மட்டும்."

"செத்தவங்க பேரைக் கூப்பிடறது நம்ம வழக்கம் இல்ல. அதை வாணாம்னுதானே நீங்க அந்தக் கோயில உட்டு வந்தீங்க. நீங்களும் அந்தப் பேரை வாசல்ல சொல்லாதீங்க. எனக்கு வாக்கு குடுங்க."

அவள் வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் அந்தி. எல்லோரும் உள்ளே போனார்கள். செருப்புகளை ஒழுங்குபடுத்தி, கதவைச் சாத்திவிட்டு வருவது நோராவின் வேலை. தெரு காலியாக இருந்தது. குண்டு பயத்துக்காகத் தெருவிளக்குகளுக்குக் கறுப்புத் தொப்பி போட்டிருந்தார்கள். வெளிச்சம் ஒவ்வொரு கம்பத்தின் காலடியிலும் ஒரு சின்ன வட்டமாக விழுந்து கிடந்தது. கதவைச் சாத்தக் கை வரவில்லை. வாக்கை மீறவும் மனம் வரவில்லை. ஆகவே அவள் பெயரைச் சொல்லவில்லை. கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, இருட்டைப் பார்த்து, மெதுவாக, "வா கண்ணு. உள்ள வா" என்று மட்டும் சொன்னாள். யாரும் இதோ என்று சொல்லவில்லை. ஆனாலும் யாரோ நுழைவதற்கு வழிவிடுவது போல ஒதுங்கி நின்றாள். அவள் நினைத்ததைவிட வெகுநேரம் நின்றுவிட்டாள்.

அதற்கு அடுத்த கூட்டத்தில்தான் அப்பம் குறைந்தது.

அந்த வாரம் முழுக்க அவளுக்குள் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சாக்பீஸ் நின்றுவிடும். ஒரு கை வாங்கிக்கொண்டது. குளிர்ந்த கை. இருட்டில் பின்பாயிலிருந்து நீண்ட கை. ஐரின் தன் பங்கை எடுத்துக்கொள்கிறாள் என்றால் அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொள்வாள்.

வீட்டில் ஹென்றி அதிகம் பேசுவதில்லை. அவள் கணவன் இன்னும் சாந்தோம் கோயிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். சனிக்கிழமை இரவு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து நின்றான்.

"ஐரினுக்குப் பூசை வச்சிருக்கேன். காலையில. வரியா?"

"என்னால வர முடியாது ஹென்றி."

"முடியாதுன்னு தெரியும். பேர் வாசிப்பாங்க. அதைக் கேக்கவாவது வரலாமேன்னு பாத்தேன்."

அவன் விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அடுத்த அறையில் நோரா மறுநாளுக்கான மாவைப் பிசைந்தாள். இந்த முறை இரண்டு மடங்கு.

அதுவும் போதவில்லை.

கண்ணை மூடியிருந்தாள். தட்டு கையை விட்டுப் போனது. எதிரே போகவில்லை, வலப்பக்கம் போனது, பின்பாய் இருந்த பக்கம். முதலில் சின்ன சத்தம், வறண்ட அப்பம் பிட்கிற சத்தம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஆற்றுச் சேற்றின் வாசனை தரையிலிருந்து கிளம்பி, வெள்ளம் வடிந்த பிறகு சைதாப்பேட்டைத் தெருக்களில் நாள்கணக்காக நின்ற அதே வாசனை, வெறும் சுண்ணாம்பு அடித்த இந்தக் கூடத்துக்கு வர வழியே இல்லாத வாசனை, அவள் புடவைத் தலைப்புக்குள் புகுந்தது. பிறகு வெரோனிகா மூச்சை இழுப்பது கேட்டது. தட்டு அவளிடம் வந்துவிட்டது. காலியாக.

கூட்டம் முடிந்ததும் யாரும் கேலி செய்யவில்லை. வெரோனிகா தன் விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு, "மீனுக்காரி எனக்கே வேற வாசனை தெரியுது" என்று மட்டும் சொன்னாள். பின்பாயைச் சுருட்டியபோது அது இரண்டு ஆள் தூக்கும் கனத்துக்கு நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று பவுல்சாமி சொன்னார். அன்று மழை இல்லை.

நோரா வெளியே வந்தபோது எதிர்வீட்டுக்காரி அஸ்மத்துன்னிசா வாசலில் கோழிக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கூட்டம் பெருசாய்டுச்சே டீச்சரம்மா."

"இல்லையே. அதே ஆளுங்கதான்."

"என்னம்மா சொல்றீங்க. அன்னிக்கு நீங்க கதவைப் புடிச்சிக்கினு நின்னீங்களே, நானும் ஜன்னல்லேருந்து பாத்துக்கினுதானே இருந்தேன். எவ்ளோ ஜனம். வந்துக்கினே இருக்காங்க." அவள் கூடையின்மேல் கல்லை வைத்தாள். "உள்ள போனாங்க, சரி. வெளிய வரவே இல்லியே. ராவுல அங்கியே தங்கறாங்களா?"

நோரா தெருவைக் கடந்து கிட்டப் போனாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுல ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சா? பச்சைப் பாவாடை. ரெட்டை ஜடை."

"பசங்க நெறைய இருந்துச்சும்மா. பச்சையா செவப்பான்னு எங்க தெரியுது. எல்லாம் மண்ணு கலர்." அஸ்மத்துன்னிசா அவள் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு மழை பெய்தது. வீட்டில் இருந்த கோதுமை மாவு முழுவதையும் அவள் தட்டியிருந்தாள். அப்பம் ஒரு குழந்தையின் தலையணை அளவுக்கு இருந்தது. அதைத் துணியில் சுற்றி, ஜட்கா வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அதன் சூடு வயிற்றில் பட்டது. யார் யார் வந்திருந்தாலும் வரட்டும். எல்லோரும் எடுத்தபிறகும் ஐரினுக்கு ஒரு துண்டு இருக்கவேண்டும். உயிரோடு இருந்தபோது காத்திரு என்று சொல்லியாயிற்று. இனிச் சொல்லமாட்டாள்.

ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. கூடத்தில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு, மூப்பரின் பக்கத்தில், மேலே தகர மூடியோடு. வெளிச்சம் வரிசைகளின் பாதிவரை வந்து மங்கியது. பவுல்சாமி அப்பத்தின் அளவைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை, களைப்புத்தான். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். தட்டு கிளம்பியது. மழை ஓட்டின்மேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அதற்கு அடியில், சுவரோரம், பலபேர் நனைந்த துணியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது எழும் சத்தம், மூச்சுக்கும் சொட்டுக்கும் நடுவிலான சத்தம், கேட்டுக்கொண்டே இருந்தது.

தட்டு வந்தது. கனமாக இருந்தது. அவள் தன் துண்டை எடுக்கவில்லை. அப்படியே நீட்டினாள்.

நீட்டியபோது கண்ணைத் திறந்தாள்.

எதிரே வெரோனிகா கண்மூடி, கையை நீட்டிக் காத்திருந்தாள். தட்டு அவளிடம் போகவில்லை. வலப்பக்கம், இருட்டில், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிட்கிற சத்தம். இன்னொன்று. இன்னும் தள்ளி ஒன்று. சுவர் இருக்கவேண்டிய தூரத்தைத் தாண்டியது. அதற்கும் அப்பால். சத்தம் சிறுத்துக்கொண்டே போனது. நிற்கவில்லை.

நோரா எழுந்தாள். தட்டு சுற்றும்போது யாரும் எழுவதில்லை. யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

பின்பாய் காலில் ஜில்லென்றது. அடுத்த அடியில் பாய் இல்லை. சேறு. கையை நீட்டிச் சுவரைத் தேடினாள். சுவர் இல்லை. தலை ஒன்று தட்டுப்பட்டது. நனைந்த தலை. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், சபையார் உட்காருவது போலவே.

"ஐரின்" என்றாள்.

வாக்கு உடைந்தது. இருட்டு முழுக்கத் தலைகள் அவள் பக்கம் திரும்பின. சரசரவென்று, நாணல் திரும்புவது போல. இதோ என்று ஒரு குரலும் வரவில்லை.

குனிந்து முகங்களைத் தடவிக்கொண்டே போனாள். தாடி. மூக்குத்தி போட்ட கிழவி. வாயில்லாதது போல இறுகிய ஒரு ஆண். ஒரு தாய், மார்பில் பிள்ளை, இரண்டும் கல்லைப்போல் குளிர்ந்து. கீழே சின்னத் தலைகள். அவற்றில் ஜடையைத் தேடினாள். தினமும் காலையில் தன் கையால் பின்னிய ஜடை, இருட்டிலும் தெரியும். மொட்டை. சிக்கு. இன்னொரு மொட்டை. இது இல்லை. இதுவும் இல்லை.

அப்போது புரிந்தது. பெயர் சொல்லாமல் கூப்பிட்டால் ஐரின் வரமாட்டாள். அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். இத்தனை பேர் நுழைந்த வாசலில் அவள் ஒதுங்கி நின்றிருப்பாள். தன் பெயர் வரும் என்று.

திரும்பிப் பார்த்தாள். அரிக்கேன் விளக்கு வெகுதூரத்தில் இருந்தது. ஆற்றின் மறுகரையில் யாரோ பிடித்திருக்கும் விளக்குபோல. அதைச் சுற்றி இருந்தவர்கள் தெரியவில்லை.

ஒரு சின்னக் கை அவள் விரலைப் பிடித்தது.

"அம்மா."

ஐரின் குரல் இல்லை. ஐரினை விடச் சின்னக் குழந்தை.

"யாரு கண்ணு நீ?"

"நீதானே உள்ள வான்னே." கொஞ்சம் பொறுத்து, "ரொட்டி கீதா?"

தட்டு அவள் கையில் வந்து இடித்தது. தடவிப் பார்த்தாள். துணி. ஈரம். ஒரு பொருக்குகூட இல்லை.

"இல்லம்மா. தீந்துபோச்சு."

குழந்தை போகவில்லை. இன்னொரு கை அவள் புடவையைப் பிடித்தது. இன்னொன்று. பின்னால், வரிசைக்குப் பின் வரிசையாக, கண்ணுக்கு எட்டாத தூரம்வரை, மெல்லிய ஈரச் சத்தம் ஒன்று எழுந்தது. வாய்கள் திறக்கும் சத்தம்.

"உனக்குப் பேர் என்னம்மா?"

அதற்குப் பதில் இல்லை. குழந்தை அவள் விரல்களை, அப்பத்துண்டை ஏந்துவது போல, இரண்டு கையாலும் ஏந்தியது. உதட்டருகே கொண்டுபோனது. கடைசி வெளிச்சத்தில் அந்த முகம் ஒரு கணம் தெரிந்தது. மண் நிறம். மூக்கிலும் இமையிலும் மண். அது பசியோடு அவசரப்படவில்லை. மிகவும் பணிவாக, கண்ணை மூடிக்கொண்டது.